மூன்று அருவிகளும் ஒரு தானப் பத்திரமும்

பென்சில்வேனியாவின் வடகோடி மேடுகளில் பிறக்கும் ஜெனசி ஆறு, நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியை ஊடறுத்து வடக்கே ஓடி, ராசெஸ்டர் நகரைக் கடந்து ஒண்டாரியோ ஏரியில் கலக்கிறது. ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஆறு பெரும்பாலும் வயல்களுக்கும் சிற்றூர்களுக்கும் நடுவே நிதானமாக வளைந்து செல்வது. போர்ட்டேஜ்வில் என்ற ஊரைத் தாண்டியதும் அதன் குணம் மாறுகிறது. இரு கரைகளும் செங்குத்தாக எழ, ஆறு அடுத்தடுத்து மூன்று இடங்களில் பாறையிலிருந்து குதிக்கிறது. மேல் அருவி சுமார் 70 அடி, நடு அருவி 107 அடி, கீழ் அருவி மறுபடியும் சுமார் 70 அடி. அருவிகள் முடிந்த பிறகும் பள்ளத்தாக்கு முடிவதில்லை. மவுண்ட் மாரிஸ் ஊர்வரை, சில இடங்களில் 550 அடி ஆழத்துக்கு, நீண்டுகொண்டே போகிறது. ஆற்றின் இரு பக்கமும் 27 கிலோமீட்டர் நீளத்துக்கு, 14,000 ஏக்கருக்கு மேல் பரந்து கிடப்பதுதான் லெட்ச்வொர்த் மாநிலப் பூங்கா. ‘கிழக்கின் கிராண்ட் கேன்யன்’ என்ற பட்டப்பெயரும் இதற்கு உண்டு.

வருகிறவர்களின் கண்ணுக்கு இது மனிதக் கை படாத இடமாகத் தெரியும். ஆனால் கடந்த 200 ஆண்டுகளில் இங்கே காட்டை அழித்து மரம் அறுத்திருக்கிறார்கள், மலையைக் குடைந்து கால்வாய் வெட்டியிருக்கிறார்கள், அருவியின் தலைக்கு மேல் ரயில் விட்டிருக்கிறார்கள், மின்சாரத்துக்காக ஆற்றையே மறிக்கவும் திட்டம் போட்டிருக்கிறார்கள். இவ்வளவுக்கும் தப்பி அருவிகள் இன்றும் விழுகின்றன என்றால், அதற்குக் காரணம் இயற்கையின் வலிமை மட்டுமல்ல. சிலர் தக்க நேரத்தில் எடுத்த முடிவுகளும்தான்.

பள்ளத்தாக்கின் சுவர்களில் தெரியும் பாறை அடுக்குகள் டெவோனியன் காலத்தவை. சுமார் 37 கோடி ஆண்டுகள் பழையவை. அப்போது இந்தப் பகுதி ஆழம் குறைந்த ஒரு கடல். கிழக்கே இருந்த மலைத்தொடரிலிருந்து ஆறுகள் அடித்து வந்த சேறும் மணலும் அதன் அடியில் படிந்து, களிப்பாறையாகவும் மணற்கல்லாகவும் இறுகின. பாறைக்கு இவ்வளவு வயதிருந்தும் பள்ளத்துக்கு வயது மிகக் குறைவு. கடைசிப் பனியுகத்தில் வட அமெரிக்காவின் மேல்பாதியை மூடியிருந்த பனிப்படலம் பின்வாங்கியபோது, தான் சுமந்து வந்த கல்லையும் மண்ணையும் ஆற்றின் பழைய அகன்ற பாதையில் மேடாகக் குவித்துவிட்டுப் போனது. வழி அடைபட்ட ஜெனசி வேறு வழி தேடியது. அதற்குக் கிடைத்த புது வழியில் கெட்டிப் பாறை. அந்தப் பாறையை அறுத்துக்கொண்டு இறங்கத் தொடங்கி இன்னும் சில பத்தாயிரம் ஆண்டுகள்கூட ஆகவில்லை.

அறுக்கும் விதமும் கவனிக்கத்தக்கது. அருவியின் விளிம்பில் இருப்பது பெரும்பாலும் கெட்டியான மணற்கல். அதன் கீழே எளிதில் உதிரும் களிப்பாறை. விழும் தண்ணீர் கீழடுக்கை அரிக்கிறது. குளிர்காலத்தில் பாறை இடுக்குகளில் புகுந்த நீர் உறைந்து விரிந்து இடுக்கை அகலப்படுத்துகிறது. அடித்தளம் போனதும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மணற்கல் தன் பாரம் தாங்காமல் உடைந்து விழ, அருவி ஓரடி பின்னால் போகிறது. இப்படிப் பின்வாங்கும் அருவிகள் விட்டுச்சென்ற தடமே இந்தப் பள்ளத்தாக்கு.

இங்கு வாழ்ந்தவர்கள் செனகா மக்கள். ஆறு இனங்கள் சேர்ந்த ஹோடினோஷோனி கூட்டமைப்பின் மேற்கு வாசலைக் காக்கும் பொறுப்பு அவர்களுடையது. ஆற்றோர வண்டல் நிலங்களில் மக்காச்சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒன்றாகப் பயிரிட்டார்கள். வயல் பெண்களுடையது, குலமும் தாய் வழியே வந்தது. 1779-ல், அமெரிக்க விடுதலைப் போரின் நடுவே, ஜார்ஜ் வாஷிங்டனின் உத்தரவின்பேரில் ஜெனரல் ஜான் சல்லிவன் ஒரு பெரும் படையுடன் இந்தப் பகுதிக்குள் புகுந்தார். கூட்டமைப்பின் பெரும்பகுதி பிரிட்டிஷ் பக்கம் நின்றதற்கான பழிவாங்கல் இது. 40-க்கும் மேற்பட்ட ஊர்கள் கொளுத்தப்பட்டன, விளைந்து நின்ற மக்காச்சோளம் வெட்டி எரிக்கப்பட்டது, பழமரங்களைக்கூட விட்டுவைக்கவில்லை. அடுத்து வந்த குளிர்காலம் கடுமையானது. பட்டினியாலும் குளிராலும் இறந்தவர்கள் பலர்.

அந்த அழிவிலிருந்து தப்பி இந்தப் பள்ளத்தாக்குக்கு நடந்து வந்தவர்களில் ஒருவர் மேரி ஜெமிசன். அவருடைய வாழ்க்கையைச் சொல்லாமல் இந்த இடத்தின் வரலாற்றைச் சொல்ல முடியாது. 1743 வாக்கில், அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்த கப்பலில் பிறந்தவர். 1758-ல், பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், பென்சில்வேனியாவில் இருந்த அவர்கள் பண்ணை தாக்கப்பட்டது. பெற்றோரும் உடன்பிறந்தோர் சிலரும் கொல்லப்பட்டார்கள். பதினைந்து வயதுப் பெண்ணான மேரியை, போரில் தம்பியைப் பறிகொடுத்திருந்த இரண்டு செனகா சகோதரிகள் தத்து எடுத்துக்கொண்டார்கள். இறந்தவரின் இடத்தில் சிறைப்பட்டவரை வைத்துக் குடும்பத்தை நிரப்பிக்கொள்வது அவர்கள் வழக்கம். மேரி அவர்கள் மொழியைக் கற்றார், மணம் புரிந்தார், பிள்ளைகள் பெற்றார். போர் முடிந்து, திரும்பிப் போக வாய்ப்பு வந்தபோதும் போகவில்லை.

சல்லிவனின் படை கடந்துபோன பிறகு, ஒரு குழந்தையின் பசியைத் தீர்க்கக்கூட ஊரில் எதுவும் மிஞ்சவில்லை. மேரி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றோரமாக நடந்து, கார்டோ என்ற சமவெளியை அடைந்தார். அடிமைத்தளையிலிருந்து தப்பி ஓடிவந்த கறுப்பின மனிதர் இருவர் அங்கே தனியாக மக்காச்சோளம் விளைவித்துக்கொண்டிருந்தார்கள். கதிர்களின் தோலை உரித்துச் சரம் கட்டித் தந்தால் பத்துக்கு ஒரு சரம் கூலி என்று பேச்சு. மேரி வயலில் உரித்துக்கொண்டிருந்தபோது, அவரை யாராவது தூக்கிப்போய்விடுவார்களோ என்று பயந்து, அவர்களில் ஒருவர் நிரப்பிய துப்பாக்கியோடு பக்கத்திலேயே காவல் நின்றாராம். அவர் நின்ற நேரத்துக்கு அந்த வயலில் வேலையும் பார்த்திருக்கலாம் என்று முதுமையில் மேரி நினைவுகூர்ந்தார். அந்தக் கூலிச் சோளம்தான் அந்தக் குளிர்காலத்தில் குடும்பத்தைக் காப்பாற்றியது. வீடிழந்த செனகா குடும்பத்துக்கு, தப்பி ஓடிவந்த இருவர் சோறு போட்டார்கள். பூங்காவின் பாதையோரப் பலகைகளில் பெரிய மனிதர்களின் பெயர்கள் பல இருக்கின்றன; இந்த இருவரின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

1797-ல் ஜெனசியோவில் நடந்த பிக் ட்ரீ உடன்படிக்கையில், மேற்கு நியூயார்க்கில் தங்களிடம் எஞ்சியிருந்த நிலத்தின் பெரும்பகுதியைச் செனகா மக்கள் 1,00,000 டாலருக்கு ராபர்ட் மாரிஸ் என்பவரிடம் விட்டுக்கொடுத்தார்கள். சில ஒதுக்கீட்டு நிலங்கள் மட்டும் அவர்களுக்கு மிஞ்சின. கார்டோவில் 17,927 ஏக்கர் மேரி ஜெமிசனுக்குத் தரப்பட்டது. செனகா தலைவர் ரெட் ஜாக்கெட் எதிர்த்தும் அது நிறைவேறியது. ஆனால் வெள்ளையர் குடியேற்றம் நாலாபுறமும் நெருக்கியபோது நிலத்தை வைத்திருக்க முடியவில்லை. 1823-ல் பெரும்பகுதியும் 1831-ல் மிச்சமும் கைமாறின. மேரி பஃபலோ கிரீக் ஒதுக்கீட்டுக்குப் போய், 1833-ல் அங்கே இறந்தார். முன்பு 1823-ன் இறுதியில் ஜேம்ஸ் சீவர் என்பவர் அவர் வாய்மொழியாகக் கேட்டு எழுதிய வாழ்க்கை வரலாறு அடுத்த ஆண்டே அச்சாகி, பலமுறை மறுபதிப்புக் கண்டது. சொன்னவர் ஒருவர், எழுதியவர் வேறொருவர் என்பதை மறக்காமல் படிக்க வேண்டிய நூல் அது.

நிலம் கைமாறியதும் மரம் வெட்டுகிறவர்கள் வந்தார்கள். அருவியின் வேகம் மர அறுவை மில்லுக்கு இலவச விசை. நடு அருவிப் பக்கத்திலேயே மில் ஓடியது. உயர்ந்த வெள்ளைப் பைன்கள் வெட்டப்பட்டு, சரிவுகள் அடிக்கட்டைகளாக நின்றன. அதோடு கால்வாய்க் காலமும் தொடங்கியது. ஈரி கால்வாய் தந்த லாபத்தைப் பார்த்து, ராசெஸ்டரிலிருந்து தெற்கே ஜெனசி பள்ளத்தாக்குக் கால்வாயை வெட்ட 1836-ல் மாநிலம் அனுமதி கொடுத்தது. சமவெளியில் வேலை சுலபம். 1840-ல் மவுண்ட் மாரிஸ்வரை படகு வந்துவிட்டது. போர்ட்டேஜ் அருகே செங்குத்துப் பாறை குறுக்கிட்டது. மலையைக் குடைந்து ஆயிரம் அடிக்கு மேல் சுரங்கவழி போட முயன்றார்கள். உதிரும் களிப்பாறை கூரை நிற்கவே இல்லை. கடைசியில் சுரங்கத்தைக் கைவிட்டு, பாறைமுகத்தை ஒட்டியே கால்வாயை வெட்டிக்கொண்டு போனார்கள். மண்சரிவு ஓயாமல் தொல்லை கொடுத்தது. கால்வாய் அலெகெனி ஆற்றுப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் ரயில் வந்துவிட்டது. செலவை ஈடுகட்டவே முடியாமல் 1878-ல் கால்வாய் மூடப்பட்டது. படகை இழுத்த குதிரைகள் நடந்த கரைப்பாதையில் பின்னாளில் தண்டவாளம் போட்டார்கள். அதுவும் கைவிடப்பட்டு, இப்போது அது நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்குமான பசுமைவழி.

சுரங்க வேலை நடந்த நாட்களில்தான் ஓவியர் தாமஸ் கோல் இங்கு வந்தார். அமெரிக்க நிலக்காட்சி ஓவியத்தின் முன்னோடியான அவர் 1839 வாக்கில் தீட்டிய போர்ட்டேஜ் அருவிகள் ஓவியம், அன்றைய ஆளுநர் வில்லியம் சீவர்டுக்குப் பரிசாகப் போய், ஆபர்ன் நகரிலுள்ள அவர் வீட்டில் பல தலைமுறைகள் இருந்தது. மலையை வெடிவைத்து உடைக்கும் வேலையும், அதே மலையின் அழகைத் துணியில் பிடிக்கும் வேலையும் இங்கே ஒரே காலத்தில் நடந்தன. அந்த நூற்றாண்டின் அமெரிக்கா முழுக்கவே இப்படித்தான் இருந்தது.

மேல் அருவிக்கு நேர் மேலே 1852-ல் எழுந்த ரயில் பாலம் தன் காலத்தில் ஓர் அதிசயம். 234 அடி உயரம், 800 அடி நீளம், முழுக்க மரம். உலகிலேயே மிகப் பெரிய மரப்பாலம் என்று அதைக் கொண்டாடினார்கள். அதைக் கட்ட 300 ஏக்கர் காடு தேவைப்பட்டதாகச் சொல்வார்கள். ஒரு பகுதியைச் செப்பனிட வேண்டும் என்றால் அந்த மரத்தை மட்டும் கழற்றி மாற்றலாம் என்னும்படி உத்திரங்களைப் பிணைத்திருந்தது அதன் நுட்பம். பாலத்தின் கிழக்கு முனைக்கு அடியில் கால்வாய்ப் படகுகள் போயின. அருவியும் படகும் ரயிலும் ஒரே பார்வையில் தெரிந்த அந்தக் காட்சியைப் படம் பிடிக்காத அக்காலப் புகைப்படக்காரர் குறைவு. மரப்பாலத்துக்கு நெருப்புதான் எமன். நீராவி இன்ஜினிலிருந்து தெறிக்கும் கங்கு விழாமல் பார்க்கக் காவலாளிகள் இருந்தார்கள். இருந்தும் 1875 மே 6 விடியலுக்கு முன் பாலம் தீப்பிடித்தது; சில மணி நேரத்தில் எரிந்துகொண்டே ஆற்றில் சரிந்தது. மூன்று மாதம் முடியுமுன், ஜூலை 31 அன்று, அதே இடத்தில் இரும்புப் பாலத்தின் மேல் ரயில் ஓடியது. அதை வடிவமைத்த ஜார்ஜ் மாரிசன் பின்னாளில் மிசிசிப்பி, மிசவுரி ஆறுகளின் மேல் பெரும் பாலங்களைக் கட்டிப் புகழ்பெற்றவர்.

அந்தப் பழைய மரப்பாலத்தின் மேலிருந்துதான் வில்லியம் பிரையர் லெட்ச்வொர்த் 1858-ல் இந்தப் பள்ளத்தாக்கை முதன்முதலாகப் பார்த்தார் என்பது பூங்காவின் வழிவழிச் செய்தி. 1823-ல் குவேக்கர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பஃபலோ நகரில் குதிரைச் சேணத்துக்கான உலோக உறுப்புகளைச் செய்து விற்கும் தொழிலில் கூட்டாளியாகிப் பெரும் பொருள் சேர்த்தவர். மணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுக்கு ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தவருக்கு, வெட்டிச் சாய்த்த மரங்களும் கைவிட்ட மில்லும் சூழ்ந்திருந்த இந்த அருவிப் பக்கம் பிடித்துப்போனது. 1859-ல் நடு அருவியை ஒட்டிய நிலத்தை வாங்கினார். சாரலில் எழும் வானவில்லை நினைத்து, கிரேக்கர்களின் வானவில் தெய்வமான ஐரிஸின் பெயரால் அதற்கு ‘கிளென் ஐரிஸ்’ என்று பெயரிட்டார். பிறகு ஐம்பது ஆண்டுக் காலம், பக்கத்துப் பண்ணைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்து 1,000 ஏக்கராக்கினார். ராசெஸ்டரைச் சேர்ந்த தோட்டக் கலைஞர் வில்லியம் வெப்ஸ்டரைக் கொண்டு பாதைகள் அமைத்தார்; மொட்டைச் சரிவுகளில் ஆயிரக்கணக்கில் மரம் நட்டார். இன்று ஆதிக்காடு என்று பார்வையாளர்கள் எண்ணிக்கொள்ளும் மரங்களில் பல அவர் நட்டவை அல்லது வெட்டாமல் வளரவிட்டவை. தோட்டத்துக்குள் வர விரும்பிய பொதுமக்களை அவர் தடுக்கவில்லை. சொந்த நிலமாக இருந்தபோதே அது பூங்காவாக இருந்தது.

வீட்டுக்கு எதிரே அவர் அமைத்த நீரூற்றுக்கு இன்றும் பம்பு கிடையாது. மேட்டுக் குளத்திலிருந்து குழாயில் இறங்கிவரும் தண்ணீர் தன் அழுத்தத்தாலேயே பீச்சியடிக்கிறது. கடும் குளிரில் அது விழ விழ உறைந்து, நடுவில் துளையுள்ள பனிக்கூம்பாக வளரும். 2015 குளிர்காலத்தில் அது 50 அடி அளவுக்கு எழுந்தபோது, ‘பனி எரிமலை’ பார்க்க என்றே கூட்டம் திரண்டது.

தொழிலிலிருந்து விலகிய பின் லெட்ச்வொர்த் மாநில அறநிலைய வாரியத்தில் சேர்ந்தார். 1878 முதல் பத்தாண்டுகள் அதன் தலைவராக இருந்தார். அக்காலத்தில் அனாதைக் குழந்தைகளையும் மனநலம் குன்றியவர்களையும் வலிப்பு நோயாளிகளையும் முதியவர்களையும் ஒரே ஏழையர் விடுதியில் அடைத்துவைப்பது வழக்கம். லெட்ச்வொர்த் ஒவ்வொரு விடுதியாக நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதினார். குழந்தைகளை அங்கே வைக்கக்கூடாது என்று 1875-ல் சட்டம் வந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. வலிப்பு நோயாளிகளுக்கென்று பூங்காவுக்கு அருகிலேயே சோனியாவில் ஒரு குடியிருப்பு மருத்துவமனை எழவும் பாடுபட்டார்.

செனகா மக்களின் வரலாற்றில் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு. ஆற்றின் மேல்பகுதியில் கெனடியா என்ற ஊரில், அவர்களுடைய பழைய ஆலோசனை மண்டபம் சிதையும் நிலையில் கிடந்தது. செதுக்கிய மரக்கட்டைகளை முனைகளில் ஒன்றோடொன்று கவ்வவைத்துக் கட்டிய நீள்வீடு அது; ஒதுக்கீட்டு நிலம் விற்கப்பட்ட பின் குடியேறியவர்கள் வசிக்கும் வீடாகியிருந்தது. லெட்ச்வொர்த் அதை வாங்கி, கட்டை கட்டையாகப் பிரித்து, நடு அருவிக்கு மேலுள்ள மேட்டில் மறுபடி நிறுத்தினார். 1872 அக்டோபர் 1 அன்று அதில் கடைசி ஆலோசனைத் தீ மூட்டப்பட்டது. முன்னாள் குடியரசுத் தலைவர் மில்லர்ட் ஃபில்மோரும் வந்திருந்தார். ஒருவரோடொருவர் பகைகொண்டிருந்த தலைவர்களான ஜோசஃப் பிராண்டின் பேரனும் ரெட் ஜாக்கெட்டின் பேரனும் அங்கே கைகோத்துக்கொண்டார்கள். லெட்ச்வொர்த்தைச் செனகா மக்கள் தத்து எடுத்து, எப்போதும் நேர்மையே செய்பவர் என்ற பொருளில் ஒரு பெயரும் சூட்டினார்கள். 1874-ல் மேரி ஜெமிசனின் எச்சங்கள் பஃபலோவிலிருந்து அவர் பேரனால் கொண்டுவரப்பட்டு மண்டபத்தருகே அடக்கம் செய்யப்பட்டன. முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு நடந்துவரும் இளம்பெண்ணாக அவரைக் காட்டும் வெண்கலச் சிலை, ஹென்றி கிர்க் புஷ்-பிரவுன் வடித்தது, 1910 செப்டம்பரில் திறக்கப்பட்டது. கார்டோவுக்கு வருவதற்கு வெகு முன்பே, கைக்குழந்தையைச் சுமந்து ஒஹையோவிலிருந்து ஜெனசிக்கு நூற்றுக்கணக்கான மைல் நடந்து வந்த பயணத்தைக் குறிப்பது அது.

இவையெல்லாம் மனமாரச் செய்த மரியாதைதான். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: மண்டபம் காப்பாற்றப்பட்டது, கல்லறை காப்பாற்றப்பட்டது, நிலம் திரும்பிப் போகவில்லை. கார்டோ சமவெளியின் ஒரு பகுதி இன்று பூங்கா எல்லைக்குள் இருக்கிறது. செனகா மக்கள் அங்கே விருந்தினர்களாகத்தான் வருகிறார்கள்.

பள்ளத்தாக்குக்கு வந்த மிகப் பெரிய ஆபத்து மின்சாரத்தின் உருவில் வந்தது. நயாகராவில் மின்உற்பத்தி வெற்றி கண்டதும், விழும் தண்ணீர் எல்லாம் காசாகத் தெரியத் தொடங்கியது. 1898-ல் ஜெனசி ரிவர் கம்பெனி என்ற நிறுவனம் போர்ட்டேஜில் அணை கட்ட மாநிலச் சட்டமன்றத்திடம் உரிமை பெற்றது. கீழே ராசெஸ்டரில் வெள்ளத்தைத் தடுப்பதாகவும், கோடையில் ஆலைகளுக்குத் தண்ணீர் தருவதாகவும் சொன்னார்கள். ராசெஸ்டர் அடிக்கடி வெள்ளத்தில் தவித்த ஊர். 1865 வெள்ளம் நகரின் நடுப்பகுதியையே மூழ்கடித்தது. எனவே அணையை ஆதரித்தவர்கள் எல்லோரையும் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அருவிகளுக்கு மேலே ஆறு ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனால், அருவியில் எப்போது எவ்வளவு தண்ணீர் விழும் என்பதை அந்த நிறுவனம்தான் முடிவு செய்யும்.

80 வயதைத் தாண்டியிருந்த லெட்ச்வொர்த் இதற்கு வழக்காடிக்கொண்டிருக்கவில்லை. தனியார் நிலத்தைச் சட்டப்படி கையகப்படுத்திவிடலாம். மாநிலத்தின் பூங்கா நிலத்தில் கைவைப்பது கடினம். இதை உணர்ந்து, கிளென் ஐரிஸின் 1,000 ஏக்கரையும் நியூயார்க் மாநிலத்துக்கே தானமாக எழுதிவைத்தார். தாம் உயிரோடிருக்கும்வரை அங்கே குடியிருந்து நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் உரிமை, பராமரிப்பை அமெரிக்க இயற்கைக் காட்சி வரலாற்றுப் பாதுகாப்புச் சங்கத்திடம் ஒப்படைப்பது ஆகிய நிபந்தனைகளோடு அமைந்தது பத்திரம். சட்டமன்றத்தில் அணைக்காரர்களின் எதிர்ப்பைத் தாண்டி மசோதா நிறைவேறி, 1907 ஜனவரியில் ஆளுநர் சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸ் கையெழுத்திட்டார். பூங்காவுக்கு லெட்ச்வொர்த்தின் பெயரே சூட்டப்பட்டது. 1910 டிசம்பர் 1 அன்று அவர் காலமானார். போர்ட்டேஜ் அணை கட்டப்படவே இல்லை. அணையை எதிர்த்துப் பேசியவர்கள் பலர் இருந்தாலும், அதை உண்மையில் நிறுத்தியது அந்தப் பத்திரம்தான்.

அவர் மறைந்தபின் சங்கம் வீட்டை விடுதியாக்கியது. அவர் சேர்த்த பொருள்களுக்கென்று அருகிலேயே ஓர் அருங்காட்சியகம் எழுந்தது. 1930-ல் பூங்கா மாநிலப் பூங்கா ஆணையத்தின் நேரடி நிர்வாகத்துக்கு வந்து, பள்ளத்தாக்கு நெடுகிலும் நிலம் வாங்கிச் சேர்க்கப்பட்டது. 1933 முதல் 1942 வரை, பொருளாதாரப் பெருவீழ்ச்சியில் வேலையில்லாமல் தவித்த இளைஞர்களுக்காகக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் தொடங்கிய சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்ற பணிப்படை இங்கே நான்கு முகாம்களில் வேலை செய்தது. பூங்காவைச் சுற்றிப் பார்ப்பவர் கை வைக்கும் இடமெல்லாம் அவர்கள் உழைப்பு தெரியும்: பள்ளத்தின் விளிம்பில் ஓடும் கல் கைப்பிடிச் சுவர், சாலை, கல் மேசை, மரக்குடில். கீழ் அருவிக்கு இறங்கும் நீண்ட படிவரிசையின் அடியில் ஆறு ஒடுங்கிப் பாயும் இடத்தில் ஒரு கல் வளைவுப் பாலம் உண்டு. பாறையின் அடுக்கோடு அடுக்காக, அதே சாம்பல் நிறத்தில் கல்லை வைத்திருக்கிறார்கள்; கூர்ந்து பார்த்தால்தான் எங்கே மலை முடிந்து எங்கே சுவர் தொடங்குகிறது என்று பிடிபடும். நாளுக்கு ஒரு டாலர் கணக்கில் சம்பளம் பெற்று, அதில் பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்பியவர்கள் செய்த வேலை அது.

வெள்ளப் பிரச்சினைக்குத் தீர்வு அருவிகளுக்குக் கீழே கிடைத்தது. 1944 வெள்ளத்தடுப்புச் சட்டத்தின்படி, பள்ளத்தாக்கின் வடமுனையில் மவுண்ட் மாரிஸ் அணையை ராணுவப் பொறியாளர் படை 1948-ல் தொடங்கி 1952-ல் முடித்தது. 1,000 அடிக்கு மேல் நீளமுள்ள கான்கிரீட் ஈர்ப்பு அணை. மின்சாரத்துக்கோ பாசனத்துக்கோ இதில் நீர் தேக்குவதில்லை. வெள்ளம் வந்தால் பிடித்துவைத்து மெல்ல விடுவது மட்டுமே வேலை. இதற்கும் விலை உண்டு. ஆற்றோரத்தில் இருந்த செயின்ட் ஹெலினா என்ற சிற்றூர், ஏற்கெனவே ஆள் குறைந்து மெலிந்திருந்தது, வெள்ளம் தேங்கும் எல்லைக்குள் வந்ததால் அடியோடு இல்லாமல் போனது. அதன் கல்லறைகளைத் தோண்டி மேட்டுநிலத்துக்கு மாற்றினார்கள். 1972 ஜூனில் ஆக்னஸ் புயல் கொட்டிய மழையில் நீர் அணையின் வழிந்தோடிக்குச் சில அடி கீழே வரை ஏறியது. வழிந்துவிடாமலிருக்கப் பொறியாளர்கள் மதகுகளைத் திறந்து தண்ணீரை விட்டார்கள். அணை இல்லாதிருந்தால் ராசெஸ்டர் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை அந்த ஒரு வாரம் காட்டியது.

மேல் அருவியின் மேலிருந்த இரும்புப் பாலம் இடையில் எஃகால் வலுப்படுத்தப்பட்டு 140 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. கடைசிக் காலத்தில் சரக்கு ரயில்கள் மணிக்கு 10 மைல் வேகத்தில் ஊர்ந்துதான் கடந்தன. அதற்குப் பக்கத்திலேயே 483 அடி வீச்சுள்ள எஃகு வளைவுப் பாலம் கட்டப்பட்டு 2017 டிசம்பரில் திறக்கப்பட்டது. பழையது 2018-ல் வெடிவைத்துப் பிரிக்கப்பட்டது. புதிய பாலத்துக்கு ஆற்றின் நடுவே தூண் கிடையாது. இரு பக்கப் பாறைகளிலும் கால் ஊன்றி நிற்கிறது. பழைய பாலத்தின் வரிசை வரிசையான இரும்புக் கால்களைப் பார்த்துப் பழகியவர்கள் அதன் இழப்புக்கு வருந்தினார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. மரப்பாலம் எழுந்த நாளிலிருந்து மேல் அருவியும் பாலமும் சேர்ந்துதான் ஒரே காட்சி.

பூங்காவின் பெரும்பாலான காட்சிமேடைகள் மேற்குக் கரைச் சாலையை ஒட்டியிருக்கின்றன. இளவேனிலின் உருகுபனியில் ஆறு பழுப்பாகப் பெருக்கெடுக்கும்; அருவிகளின் முழுப் பலத்தை அப்போது காணலாம். அக்டோபரில் மேப்பிள் இலைகள் சிவக்கும்போதுதான் கூட்டம் அதிகம். அருவிப் பக்கத்துப் புல்வெளியிலிருந்து வெப்பக் காற்றுப் பலூன்கள் கிளம்பிப் பள்ளத்தின் மேல் மிதக்கும். லெட்ச்வொர்த்தின் வீடு இன்றும் விடுதியாகவே நடக்கிறது. 2021-ல் பூங்காவுக்குள் ஆட்டிசம் உள்ளவர்களுக்கென்று ஏறத்தாழ ஒரு மைல் நீளத்தில் ஓர் இயற்கைப் பாதை திறக்கப்பட்டது. கூச்சலும் நெரிசலும் தாங்காதவர்கள் ஒதுங்கி இளைப்பாறவும், தொட்டும் கேட்டும் அசைந்தும் காட்டைப் பழகவும் வழியெங்கும் தனித்தனி இடங்கள் அதில் உண்டு. சக்கர நாற்காலியிலும் அந்தப் பாதையில் போகலாம்.